வேலிச்செடி வெட்டும் மிஷின் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துப் பழுது கண்டுபிடிக்கும் முறை

டுராண்டா, இட்லிப்பூ, செம்பருத்தி, காகிதப்பூ என்று வேலியாக வளர்த்த செடிகளை வெட்டுகிற பெட்ரோல் மிஷினை வைத்து இதை எழுதியிருக்கிறோம். 22 முதல் 25 சிசி டூ ஸ்ட்ரோக் என்ஜின், இரண்டு பக்கமும் பல் உள்ள பிளேடு, இதுதான் தோட்ட வேலைக்காரர்கள் கையில் அதிகம் இருக்கும் வகை. கரன்ட் மிஷினுக்கும் பேட்டரி மிஷினுக்கும் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறது. பிளேடும் கியர்பாக்ஸும் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். என்ஜின் பக்கத் தொல்லைகள் பெரும்பாலும் பெட்ரோலில் ஆரம்பிக்கும். வெட்டு சரியில்லை என்ற தொல்லைகள் பெரும்பாலும் இரண்டு பிளேடுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் ஆரம்பிக்கும். கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைக் கூட்டிக் குறைக்க எல், ஹெச் என்று போட்டிருக்கும் ஸ்குரூக்களைத் திருகுவது கடைசியிலும் கடைசி வேலை. அதில் முதலில் கை வைத்தால் நன்றாக இருந்ததும் கெட்டுப்போகும், முதலில் கெட்டது எது என்பதும் தெரியாமல் போகும்.

எதையும் தொடுவதற்கு முன்

சுவிட்சை அணையுங்கள், பிளக் கேப்பை உருவி ஓரமாக ஒதுக்குங்கள், கெட்டிக் கையுறை போடுங்கள். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் பிளேடு பக்கம் கை போக வேண்டும். பிளேடில் குச்சி சிக்கியிருந்தால் விரலால் பிடுங்காதீர்கள், வேறொரு குச்சியால் தள்ளி எடுங்கள். என்ஜின் நின்றிருந்தாலும் இறுக்கத்தில் நிற்கும் பிளேடு, சிக்கல் விடுபட்ட நொடியில் நகரும். விரல் நுனி போவதற்கு அந்த ஒரு நகர்வு போதும்.

கயிறு இழுத்து இழுத்துக் கை வலிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

டேங்கில் இருக்கும் பெட்ரோல் எப்போது ஊற்றியது? ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் வேறு எதையும் பார்க்காமல் அதை வெளியே எடுத்துவிட்டு, பெட்ரோலும் 2டி ஆயிலும் (டூ ஸ்ட்ரோக் என்ஜின் ஆயில்) சேர்ந்த புதுக் கலவை ஊற்றுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம் ஓர் அளவைத் தாண்டியதும் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். 2டி ஆயில் மேலே இருக்கும் பெட்ரோலோடு போய்விடும். மிஷினின் பெட்ரோல் பில்டர் கிடப்பதோ அடியில். அதனால் பழைய பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகாவிட்டால்கூட நல்லதுதான். தப்பித்தவறி ஸ்டார்ட் ஆகி ஓடினால் ஆயில் இல்லாத கலவையில் பிஸ்டன் கோடு விழுந்து பிடித்துக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் டேங்கில் இருப்பதை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் அதை எந்த மிஷினிலும் ஊற்றக் கூடாது.

கலவை அளவு மிஷினோடு வந்த புத்தகத்திலோ டேங்க் மூடியிலோ இருக்கும். 25:1 என்றால் ஒரு லிட்டருக்கு 40 மி.லி., 50:1 என்றால் 20 மி.லி. ஜாசோ எஃப்டி (டூ ஸ்ட்ரோக் ஆயிலுக்கான ஓர் உயர்தரக் குறியீடு) என்று போட்ட ஆயிலாக இருந்து, மிஷின் கம்பெனியும் 50:1 என்று சொல்லியிருந்தால் மட்டும் 20 மி.லி. போதும். சாதாரண 2டி ஆயிலை 20 மி.லி. ஊற்றி ஓட்டுவது மிஷினைக் கொல்லும் வழி. ஆயிலை ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். "ஒரு மூடி", "ஒரு கண்ணளவு" என்பதெல்லாம் வேண்டாம். கலவையைத் தனி கேனில் குலுக்கிவிட்டு டேங்கில் ஊற்ற வேண்டும், டேங்குக்குள்ளேயே கலக்கக் கூடாது. பைக்குக்கு ஊற்றும் 4டி ஆயில் இதற்கு ஆகவே ஆகாது.

புதுப் பெட்ரோல் ஊற்றியாயிற்று. இப்போது கார்பரேட்டருக்குப் பெட்ரோலை இழுக்கும் ரப்பர் குமிழை, அதாவது பிரைமர் பல்பை, 7 முதல் 10 தடவை அழுத்துங்கள். திரும்பிப் போகும் டியூபில் பெட்ரோல் ஓடுவது தெரிய வேண்டும். சோக் போட்டு 3, 4 இழுப்பு. ஒரு தடவை "பட்" என்று வெடிக்கிற சத்தம் வந்ததும் சோக்கைத் திறந்துவிட்டு இழுங்கள். பலரும் தவறு செய்யும் இடம் இது. அந்த முதல் வெடிப்பைக் கவனிக்காமல் சோக்கிலேயே இழுத்துக்கொண்டே இருந்தால் உள்ளே பெட்ரோல் நிரம்பிவிடும்.

அப்படியும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் பிளக்கைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். வழி இரண்டாகப் பிரிவது இங்கேதான்.

முனை நனைந்திருக்கிறது, பெட்ரோல் வாடை அடிக்கிறது என்றால் பெட்ரோல் வந்து சேர்கிறது, தீப்பொறிதான் சந்தேகம், அல்லது பெட்ரோல் நிரம்பிவிட்டது. சுவிட்சை அணைத்து, சோக்கைத் திறந்து, பிளக் இல்லாமல் 6, 7 தடவை கயிறை இழுத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுங்கள். பிளக் துளைக்கு நேரே முகத்தை வைக்காதீர்கள். பிளக்கைத் துடைத்து இடைவெளி பாருங்கள், 0.6 முதல் 0.7 மி.மீ. வரை இருக்க வேண்டும். பிறகு பிளக்கைக் கேப்பில் மாட்டி, அதன் இரும்பு உடம்பை சிலிண்டர் ஃபின்னில் அழுத்தி, துளையை விட்டுத் தள்ளி வைத்து, சுவிட்சைப் போட்டு இழுங்கள். நீலமாகப் பொறி தெரிந்தால் சரி. சிவப்பாக, மங்கலாக வந்தால் அல்லது வரவே இல்லை என்றால் புதுப் பிளக்கை வைத்துப் பாருங்கள். அதிலும் இல்லையா? பிளக்குக்குக் கரன்ட் கொடுக்கும் காயிலிலிருந்து சுவிட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு இழுங்கள். பொறி வந்துவிட்டால் காயில் நன்றாக இருக்கிறது, ஒயர் எங்கேயோ உரசி எர்த் ஆகிறது அல்லது சுவிட்ச் போய்விட்டது. இதைப் பார்க்காமலேயே காயில் மாற்றிச் செலவு செய்பவர்கள் நிறையப் பேர். காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே 0.3 மி.மீ. இடைவெளி வேண்டும். இடைவெளி அளக்கும் தகடு (ஃபீலர் கேஜ்) இல்லை என்றால் ஒரு விசிட்டிங் கார்டை நடுவில் வைத்து காயிலை இறுக்கலாம்.

முனை காய்ந்து கிடக்கிறது என்றால் பெட்ரோல் வந்து சேரவில்லை. டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை வரிசையாகப் பாருங்கள். கொக்கிக் கம்பியால் டேங்குக்குள் இருக்கும் பில்டரை வெளியே இழுத்து, பழுப்பேறியோ கெட்டியாகவோ இருந்தால் மாற்றுங்கள். டியூபை விரலால் வளைத்துப் பாருங்கள். டேங்குக்குள் நுழையும் இடத்தில்தான் முதலில் வெடிக்கும், வெளியே பார்த்தால் நன்றாக இருப்பதுபோல் தெரியும். பிரைமர் பல்பில் கீறல் இருந்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றை இழுக்கும். இவை எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கார்பரேட்டரைத் திறக்க வேண்டும். திறக்கும்போது ஒவ்வொரு அடுக்கையும் மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேஸ்கெட்டும் டயாபிரமும் (பெட்ரோலை இழுக்கும் மெல்லிய சவ்வு) இடம் மாறினால் மிஷின் ஓடாது. பெட்ரோல் நுழையும் இடத்தில் சின்னச் சல்லடை ஒன்று இருக்கும், அதில் தூசி அடைத்திருக்கும். டயாபிரம் துணி மாதிரி தளர்வாக இருக்க வேண்டும். விரலில் மடக்கும்போது காகிதம் மாதிரி சலசலத்தால் அது காய்ந்துவிட்டது. கழுவிப் பயனில்லை, கிட் வாங்கி மாற்றுவதுதான் வழி. துளைகளைக் கார்பரேட்டர் கிளீனர் அடித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி, குண்டூசி விட்டால் துளை பெரிதாகிவிடும்.

பிளக்கும் நல்லது, பெட்ரோலும் வருகிறது, ஆனாலும் அசையவில்லை என்றால் கயிறை மெதுவாக இழுத்துப் பாருங்கள். ஓரிடத்தில் தடுத்து, அழுத்தம் கொடுத்து, பிறகு விட வேண்டும். தடுப்பே இல்லாமல் வழவழவென்று வந்தால் கம்ப்ரஷன் இல்லை. சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்திருந்தால் ஆயில் குறைவான கலவையில் ஓடியிருக்கிறது. இனி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும்.

ஸ்டார்ட் ஆகிறது, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அணைந்துவிடுகிறது

இதற்கு இரண்டு சோதனைகள் போதும், ஸ்பேனர் எடுக்கவே வேண்டாம்.

முதலாவது, பெட்ரோல் டேங்க் மூடியைச் சற்றுத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள். நன்றாக ஓடினால் டேங்குக்குக் காற்று போகும் சின்ன வழி அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வராமல் நிற்கிறது. அந்தத் துளையைச் சுத்தம் செய்தால் முடிந்தது. மூடியைத் தளர்த்தியபடியே வேலை செய்யாதீர்கள், மிஷினைச் சாய்த்துப் பிடிக்கும்போது பெட்ரோல் சூடான சைலன்சர் மேல் வடியும்.

இரண்டாவது, ஓடிக்கொண்டிருக்கும்போது சோக்கைப் பாதி போடுங்கள். ஓட்டம் முன்னைவிடச் சீரானால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள், மேலே சொன்ன பில்டர், டியூப், டயாபிரம் வரிசைக்குத் திரும்புங்கள். சோக் போட்டதும் இன்னும் மோசமாகிப் புகை கக்கினால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் பில்டரைக் கழற்றுங்கள். டுராண்டா வெட்டும்போது பறக்கும் இலைத்தூளும் மண்ணும் ஒரே நாளில் அதை அடைத்துவிடும். ஸ்பாஞ்ச் பில்டரைச் சோப்புத் தண்ணீரில் பிழிந்து, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். காகித பில்டர் என்றால் தட்டி எடுக்க வேண்டும், நனைக்கக் கூடாது.

மணிக்கணக்காக ஓடிய மிஷின் போகப்போக வேகம் குறைந்து, முழு ஆக்ஸிலேட்டரிலும் மூச்சுத் திணறுவதுபோல் ஓடினால் சைலன்சரைப் பாருங்கள். பல மாடல்களில் புகை வெளியேறும் இடத்தில் கம்பி வலை ஒன்று இருக்கும். ஆயில் அதிகம் கலந்தவர்களின் மிஷினில் அது கரியால் மூடிப்போய் இருக்கும். வலையைக் கழற்றிப் பித்தளை பிரஷால் தேய்த்தால் வந்துவிடும்.

ஐடிலில் (ஆக்ஸிலேட்டர் கொடுக்காமல்) விட்டாலும் பிளேடு ஓடுகிறது

இந்த மிஷினை இப்படியே வேலைக்கு எடுத்துப் போகாதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்டதும் பிளேடு நிற்க வேண்டும், அதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஏர் பில்டரைச் சுத்தம் செய்து, 3 முதல் 5 நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். டி அல்லது எல்ஏ என்று போட்டிருக்கும் ஐடில் ஸ்குரூவை இடப்பக்கமாகக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்புங்கள். பிளேடு நின்று, என்ஜின் அணையாமல் ஓடும் இடத்தில் விடுங்கள். பிளேடை நிறுத்தப்போனால் என்ஜினும் அணைகிறது என்றால் ஸ்குரூவில் குற்றமில்லை. கிளட்ச் ஷூவை உள்ளே இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும் அல்லது அறுந்திருக்கும். ஆக்ஸிலேட்டர் கேபிள் சரியாகத் திரும்புகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். சேறு காய்ந்து ஒட்டினால் கேபிள் பாதியில் நிற்கும்.

என்ஜின் அலறுகிறது, பிளேடு அசையவில்லை

கிளட்ச் ஷூ தேய்ந்திருக்கும், அல்லது கியர்பாக்ஸ் கிரீஸ் சீல் வழியாகக் கசிந்து கிளட்ச் டிரம்மில் படிந்து வழுக்கும். கிரீஸ் படிந்திருந்தால் பெட்ரோலில் துடைத்துக் காயவைத்தால் போதும், ஆனால் சீலையும் மாற்ற வேண்டும். ஷூவும் டிரம்மும் நன்றாக இருந்தும் பிளேடு நகரவில்லை என்றால் கியர்பாக்ஸில் பல் உடைந்திருக்கிறது. தடித்த கிளையில் மிஷினைத் திணித்ததன் விலை இது. இந்த அளவு மிஷினுக்குச் சுண்டுவிரல் தடிமன்தான் எல்லை. அதற்கு மேல் தடித்த காகிதப்பூ, மருதாணித் தண்டுகளைக் கத்தரியாலோ ரம்பத்தாலோ முதலில் வெட்டிவிட்டு, பிறகு மிஷினைக் கொண்டுவாருங்கள்.

இலையை வெட்டாமல் நார் நாராகக் கிழிக்கிறது. பிளேடு தொட முடியாதபடி சூடாகிறது

இவை இரண்டும் எதிர் எதிரான தவறுகள். இடைவெளி அதிகமானால் இலை இரண்டு பிளேடுக்கும் நடுவில் மடங்கி நுழைந்து கிழியும். இடைவெளி குறைந்தால் இரும்போடு இரும்பு உரசிச் சூடாகும், முனை மழுங்கும், என்ஜின் திணறும். கிழிந்த இலையின் ஓரம் இரண்டு மூன்று நாளில் பழுப்பாகிக் காய்ந்து, வேலி முழுவதும் நெருப்பு பட்டதுபோல் தெரியும். செடிக்காரர்கள் உரம் போதவில்லை, நோய் வந்துவிட்டது என்று நினைப்பார்கள். காரணம் வெட்டிய மிஷினில் இருக்கும்.

இடைவெளி வைக்கும் முறை இது. பிளக் கேப் கழற்றியாயிற்றா என்று இன்னொரு தடவை பாருங்கள். பிளேடை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடையுங்கள். பிசின் ஒட்டியிருக்கும்போது அளவு வைத்தால் அது தப்பான அளவாகவே இருக்கும். பிளேடின் நீளத்தில் வரிசையாக நாலைந்து போல்ட்டும், ஒவ்வொன்றிலும் ஒரு லாக் நட்டும் இருக்கும். கியர்பாக்ஸை ஒட்டிய போல்ட்டில் ஆரம்பியுங்கள். லாக் நட்டைத் தளர்த்தி, போல்ட்டை முட்டும்வரை இறுக்கி, அங்கிருந்து கால் சுற்று முதல் அரைச் சுற்றுவரை பின்னால் விடுங்கள். போல்ட் தலை நகராமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் லாக் நட்டை இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் போல்ட்டும் சேர்ந்து சுற்றி, விட்ட இடைவெளி போய்விடும். இப்போது போல்ட்டுக்கு அடியில் இருக்கும் வாஷரை விரலால் தள்ளுங்கள். அசைய வேண்டும், ஆனால் லொடலொடவென்று ஆடக் கூடாது. இப்படியே நுனிவரை போங்கள். எல்லா போல்ட்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும், ஒன்று இறுகினாலும் பிளேடு அந்த இடத்தில் சூடேறி நீலம் பாயும்.

பிறகு தையல் மிஷின் எண்ணெயை இரண்டு பிளேடுக்கும் நடுவே நீளமாக விட்டு, ஒரு நிமிடம் ஓட்டி அணைத்து, கேப்பைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு சரி. சுட்டால் இன்னும் எட்டில் ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். டிரம்மில் வடித்த கறுப்பு என்ஜின் ஆயிலைப் பிளேடில் விடும் வழக்கம் நம் ஊரில் உண்டு. அதில் இரும்புத் தூள் இருக்கிறது, செடியிலும் படியும். வேண்டாம்.

அளவு சரியாக இருந்தும் கிழித்தால் முனை மழுங்கிவிட்டது. பற்கள் ஒன்றின் மேல் ஒன்று படியாமல் விலகி நிற்கும்படி மிஷினை ஓட்டி அணையுங்கள். தட்டை அரத்தால், பல்லின் சரிந்த பக்கத்தை மட்டும், முன்பு இருந்த சாய்விலேயே தீட்டுங்கள். பெரும்பாலான பிளேடுகளில் அது 45 டிகிரியை ஒட்டி இருக்கும். அரம் ஒரே திசையில் போக வேண்டும், முன்னும் பின்னும் தேய்க்காதீர்கள். ஒரு பல்லுக்கு 4 இழுப்பு என்றால் எல்லாப் பல்லுக்கும் 4. பல்லின் அடிவளைவைக் கூர்மையான மூலையாக ஆக்கிவிடாதீர்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். மற்றப் பிளேடோடு உரசும் தட்டையான அடிப்பக்கத்தில் அரம் படவே கூடாது, அங்கே எழும் பிசிறை மட்டும் எண்ணெய் விட்ட கல்லில் ஒரு தடவை வழித்து எடுங்கள். கிரைண்டர் சக்கரம் சீக்கிரம் தீட்டும், ஆனால் முனை நீலமாகிவிட்டால் பதம் போய்விட்டது. அடுத்த நாளே மழுங்கும்.

சில பற்கள் மட்டும் சிதைந்திருந்தால் கம்பி வெட்டியிருக்கிறீர்கள். பழைய வேலிகளில் செடிக்குள் முள்கம்பியும் கட்டுக்கம்பியும் மறைந்து கிடக்கும். வெட்டும் முன் வேலியோரமாக ஒரு தடவை நடந்து, கிளையை விலக்கிப் பாருங்கள். குளவிக்கூடு இருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

அரளி, கள்ளி வெட்டிய அன்று பிளேடை அப்படியே விட்டுவைக்காதீர்கள். பால் காய்ந்தால் வஜ்ரம் போல் ஒட்டி, மறுநாள் பிளேடு இழுக்காது. அந்தப் பால் விஷம், கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு. வெட்டும்போதும் துடைக்கும்போதும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கியர்பாக்ஸ் சத்தம், சூடு, கிரீஸ் கசிவு

புத்தகத்தில் வேறு கணக்கு இல்லை என்றால் 20 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தடவை கிரீஸ் கன்னால் நிப்பிளில் 2, 3 அழுத்து லித்தியம் கிரீஸ் போதும். நிப்பிள் முனையை முதலில் துடையுங்கள், இல்லாவிட்டால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும். "நிறையப் போட்டால் நல்லது" என்று அடைத்தால் அழுத்தத்தில் சீல் பிதுங்கி, கிரீஸ் கிளட்ச்சுக்குள் போய்விடும். கரகரவென்ற சத்தம் கிரீஸ் போட்ட பிறகும் நிற்கவில்லை என்றால் பேரிங் அல்லது பல் தேய்ந்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் உறையும் சேர்ந்து உடையும்.

உதறல், கயிறு

கை மரத்துப்போகும் அளவு உதறினால் கைப்பிடியை உடம்போடு சேர்க்கும் ரப்பர் புஷ்கள் கிழிந்திருக்கும், அல்லது பிளேடு வளைந்திருக்கும். கயிறு அறுந்தால் அதே தடிமன் நைலான் கயிறைப் போடுங்கள். ஸ்டார்ட்டர் மூடிக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை வெளியே பாய விடாமல் கப்பியை அழுத்திப் பிடித்தே திறக்க வேண்டும்.

கரன்ட் மிஷின், பேட்டரி மிஷின்

கரன்ட் மிஷினில் இரண்டு கையும் இரண்டு சுவிட்சையும் அழுத்தினால்தான் ஓடும், பழுது என்று நினைக்கும் முன் இதைப் பாருங்கள். விட்டுவிட்டு ஓடினால் முதலில் எக்ஸ்டென்ஷன் ஒயரின் பிளக்கையும் ஜாயின்ட்டையும் பாருங்கள், அடுத்தது கார்பன் பிரஷ். 5 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒயர் 1 சதுர மி.மீ.க்குக் குறையாத காப்பர் ஒயராக இருக்கட்டும், அதைத் தோளின் மேல் போட்டு முதுகுப் பக்கமாக விடுங்கள். 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே அணையும் சுவிட்ச்) இல்லாத பாயின்ட்டில் இந்த மிஷினை மாட்டாதீர்கள், ஈரச் செடியில் ஓட்டவே ஓட்டாதீர்கள்.

பேட்டரி மிஷின் நடுவில் நின்றால் பெரும்பாலும் பேட்டரி சூடாகித் தானே நிறுத்திக்கொண்டிருக்கும். நிழலில் அரை மணி நேரம் வைத்துவிட்டு ஓட்டுங்கள். வெயிலில் காய்ந்த பேட்டரியை உடனே சார்ஜரில் போட்டால் சார்ஜ் ஏறாது. இதற்கும் அடிக்கடி காரணம் இறுகிய பிளேடுதான். உரசல் கூடினால் மோட்டார் அதிகக் கரன்ட் இழுக்கும், பேட்டரி சுடும்.

ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்தி வைக்கும்போது

டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஐடிலில் ஓட்டுங்கள். பிரைமரைப் பத்துத் தடவை அழுத்தி மிச்சத்தையும் வெளியேற்றுங்கள். ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூனில் பாதி 2டி ஆயிலை சிலிண்டருக்குள் விட்டு, சுவிட்ச் அணைந்த நிலையில் 3 தடவை மெதுவாகக் கயிறை இழுத்துவிட்டு பிளக்கை மாட்டுங்கள். பிளேடில் எண்ணெய் தடவி உறை போட்டு, தரையில் கிடத்தாமல் ஆணியில் மாட்டுங்கள். பேட்டரி என்றால் பாதி சார்ஜில், வெயில் படாத அலமாரியில். எடுக்கும் தேதியை அல்ல, கலவை செய்த தேதியைக் கேன் மேல் மார்க்கரால் எழுதி வையுங்கள்.